ரேவதி கேட்ட மன்னிப்பு

ராம்ப்ரஸாத்தின் வீடு சின்ன காஞ்சிபுரத்தில், வரதர் கோவிலுக்குப் பக்கத்துத் தெருவில். அவனுடைய கடை பெரிய காஞ்சிபுரத்தில், ஒரு புடவைக் கடையின் மாடியில். கடை என்றால் ப்ரவுசிங் சென்டர். கீழே வெளியூர் பஸ்களிலிருந்து இறங்கும் கல்யாணக் கூட்டத்தைத் தரகர்கள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருப்பார்கள். மேலே பிளைவுட் தடுப்புகளுக்குள் பழைய கம்ப்யூட்டர்கள் முனகிக்கொண்டிருக்கும். பரீட்சை முடிவு வருகிற காலத்தில் மாடிப்படி வரைக்கும் கூட்டம் நிற்கும். மற்ற நாட்களில் கடையை நடத்தியது பையன்களின் விளையாட்டுதான். கார் ரேஸ், கிரிக்கெட், துப்பாக்கிச் சண்டை.

இரண்டாயிரத்து ஆறாம் வருஷம் ஊரில் ஒரு பேச்சு அடிபட்டது. திருட்டு விண்டோஸ் போட்டிருக்கிற கடைகளைச் சோதனை போடப் போகிறார்கள், மெஷினையே தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று. சோதனை கடைசிவரை வரவில்லை. ஆனால் ராம்ப்ரஸாத் பயந்த சுபாவம். கடை வைப்பதற்கு முன் சென்னையில் ஒரு கம்ப்யூட்டர் பயிற்சி நிலையத்தில் பாடம் நடத்தியவன், லினக்ஸ் அவனுக்குக் கொஞ்சம் பழக்கம். ஒரே வாரத்தில் எல்லா மெஷினிலும் விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸைப் போட்டுவிட்டான். மெயில் பார்க்க வந்தவர்களுக்கு வித்தியாசமே தெரியவில்லை. பையன்களுக்குத் தெரிந்தது. அவர்களுடைய விளையாட்டு எல்லாம் விண்டோஸுக்காகச் செய்தவை, லினக்ஸில் ஓடாது. எதிர்ச் சாரியில் இருந்த வேறொரு சென்டருக்கு எல்லோரும் போய்விட்டார்கள்.

அப்போதுதான் அவன் அந்த மென்பொருளைத் தேடிப் பிடித்தான். விண்டோஸுக்காக எழுதின விளையாட்டு, தனக்கு வேண்டியதையெல்லாம் விண்டோஸிடம் கேட்கும். இந்த மென்பொருள் நடுவில் உட்கார்ந்து அந்தக் கேள்விகளை வாங்கிக்கொண்டு, லினக்ஸிடமிருந்து பதில் வாங்கிக் கொடுக்கும். விளையாட்டுக்குத் தான் வேறு வீட்டில் இருப்பதே தெரியாது. உலகத்தில் எங்கெங்கோ இருக்கிறவர்கள் பல வருஷமாகச் சேர்ந்து எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று இனாமாக வைத்திருந்தார்கள். அதன் பெயர் வைன்.

போட்ட உடனே எல்லாம் ஓடிவிடவில்லை. கார் ஓடும், சத்தம் வராது. சத்தம் வந்தால் எழுத்து எல்லாம் கட்டம் கட்டமாகத் தெரியும். கிரிக்கெட்டில் பந்து வீசுகிறவன் தலை மட்டும் காணாமல் போகும். இதே தொல்லையை அனுபவித்த யார் யாரோ இணையத்தில் எழுதி வைத்திருந்த குறிப்புகளைத் தேடித் தேடிப் படித்தான். அமைப்புகளை மாற்றினான், கெடுத்தான், மறுபடி மாற்றினான். மழைக்காலம் முழுக்க அதிலேயே போயிற்று. கடைசியில் அந்த ஓட்டை மெஷின்களில் கார் சத்தத்தோடு ஓடியது. பையன்கள் திரும்பி வந்தார்கள். அந்த உழைப்பு அவனுடையதுதான். அதை மட்டும் சொல்லிக்கொண்டு நிமிர்ந்து நின்றிருக்கலாம். போதாமல் போனதுதான் பிற்பாடு அவனை அரித்தது.

பெயரை மாற்றியதில் முதலில் ஒரு தப்பும் இல்லை. ஜரிகை வியாபாரி வீட்டு அம்மாள் ஒருத்தி பையனைத் தேடிக்கொண்டு மாடிக்கு வந்தாள். திரையில் சாய்ந்த கிண்ணத்தில் சிவப்பாக ஏதோ இருக்கிற படத்தைப் பார்த்தாள். பக்கத்தில் இருந்த பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தாள். நம் ஊரில் ஒயின் ஷாப் என்றால் என்ன என்று யாருக்குத் தெரியாது? பையனின் காதைப் பிடித்து இறக்கிக்கொண்டு போய்விட்டாள். ராம்ப்ரஸாத் இதை வீட்டில் சொன்னபோது மனைவி ரமாமணி சிரித்தாள். அவள் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர், பெற்றவர்களின் மனசு தெரிந்தவள். வெளியே தெரிகிற பெயரையாவது மாற்றி வையுங்கள் என்று அவள்தான் சொன்னாள். மெனுவில் பெயரை 'அத்திகிரி' என்று மாற்றினான். கிண்ணத்தை எடுத்துவிட்டு ஒரு கோபுரத்தின் படத்தை வைத்தான். பெருமாள் நிற்கிற மலையின் பேர், யார் என்ன சொல்ல முடியும்?

ஒருநாள் கல்லூரி மாணவன் ஒருவன் விளையாடிவிட்டு எழுந்து வந்து, இந்த அத்திகிரி நீங்களே செய்ததா என்று கேட்டான். ராம்ப்ரஸாத் சிரித்தான். இல்லை என்று சொல்லவில்லை. அந்தச் சிரிப்பு ஊருக்குள் போய்ப் பேச்சாகத் திரும்பி வந்தது. ஒரு தமிழ்ப் பத்திரிகையின் உள்ளூர் நிருபர் மாடியேறி வந்தார். இது எவ்வளவு கால உழைப்பு என்று கேட்டார், ரொம்ப நாள் உழைப்பு என்றான். வெளிநாட்டில் இதற்குப் பணம் வாங்குவார்களா என்று கேட்டார், நாம் இலவசமாகத்தான் கொடுக்கிறோம் என்றான். ஒவ்வொரு வாக்கியமாக எடுத்துப் பார்த்தால் பொய் என்று எதையும் காட்ட முடியாது. 'விண்டோஸ் இல்லாமலே விண்டோஸ் விளையாட்டு: காஞ்சி வாலிபரின் கண்டுபிடிப்பு' என்று போட்டோவோடு வந்தது.

ரமாமணி அதைப் படித்துவிட்டு, நீங்கள் எழுதினதாகப் போட்டிருக்கிறதே என்றாள். நிருபர்களுக்கு இதெல்லாம் புரியாது என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனான். அப்பா பாஷ்யம் அந்தப் பத்திரிகையைக் கோவிலுக்கு எடுத்துக்கொண்டு போனார். ரிடையரான சமஸ்கிருத வாத்தியார், தினமும் காலையில் ஆழ்வார் பாசுரங்களைச் சொல்லும் பிரபந்த கோஷ்டியில் நின்று சேவிப்பவர். கோஷ்டி கலைந்ததும் ஒவ்வொருவரிடமும் பத்திரிகையை நீட்டினாராம். படத்தில் பிள்ளையின் நெற்றியில் திருமண் சரியாகத் தெரியவில்லை என்பது ஒன்றுதான் அவருக்குக் குறை. மறுநாள் பார்த்தால் ராம்ப்ரஸாத்தே அந்தத் துண்டைக் கத்தரித்து லாமினேட் செய்து கடைச் சுவரில் மாட்டியிருந்தான்.

ஊருக்கு வெளியே இருந்த ஒரு பொறியியல் கல்லூரியில் கம்ப்யூட்டர் துறைத் தலைவர் பூவராகவன். அவர் பத்திரிகையைப் பார்த்துவிட்டுப் போன் செய்தார். துறை விழாவில் வந்து பேச வேண்டும், செய்து காட்ட வேண்டும். ராம்ப்ரஸாத் ஒரு நிமிஷம் யோசித்தான், ஒப்புக்கொண்டான். விழாவுக்குப் பாஷ்யமும் வந்தார். முன்வரிசையில் அவரை உட்கார வைத்தார்கள். ராம்ப்ரஸாத்துக்குப் பொன்னாடை போர்த்தினார்கள், கோவில் கோபுரம் போட்ட கேடயம் கொடுத்தார்கள். இந்த மண்ணில் பிறந்த மூளை என்று பூவராகவன் பேசினார்.

ராம்ப்ரஸாத் தன் மெஷினையே தூக்கிக்கொண்டு போயிருந்தான். கார் ரேஸைத் திறந்தான். ப்ரொஜெக்டரில் பெரிய திரையில் கார் கிளம்பியது, பிள்ளைகள் விசில் அடித்தார்கள். படம் இன்னும் கொஞ்சம் பெரிதாகத் தெரியட்டுமே என்று அவன் ஓடிக்கொண்டிருக்கும்போதே திரையின் அளவை மாற்றினான். அந்த விளையாட்டில் அதைச் செய்யக்கூடாது என்று அவனுக்கே தெரியும், சந்தோஷத்தில் மறந்துவிட்டது. கார் நின்றது. திரை கறுத்தது. விளையாட்டுக்குப் பின்னால் திரையில் மறைந்திருந்த இன்னொரு ஜன்னல் முன்னால் வந்தது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தாக வரி வரியாகப் பிழைச் செய்தி இறங்கியது. ஒவ்வொரு வரியும் அந்த நிஜப் பெயரோடுதான் ஆரம்பித்தது. மெனுவில் மாற்றின பெயர் உள்ளே மாறுமா?

மூன்றாம் வருஷ மாணவி ஒருத்தி எழுந்தாள். பெயர் ரேவதி, முசரவாக்கத்திலிருந்து பஸ்ஸில் வந்து படிக்கிறவள், துறை மாணவர் மன்றத்தின் செயலாளர். விழாவுக்கு ஓடியாடி வேலை செய்தவள் அவள்தான். கேலியாகக் கேட்கவில்லை. தெரிந்ததைப் பார்த்த சந்தோஷத்தில்தான் கேட்டாள்.

"சார், இது வைன்தானே? நாங்களும் லேப்ல போட்டுப் பார்த்திருக்கோம்."

சொல்வதற்கு அதைவிட நல்ல இடம் இனி அவனுக்குக் கிடைக்கப் போவதில்லை. ஆமாம், அதேதான் என்று சொல்லியிருந்தால் கூட்டம் சிரித்திருக்கும், அவனும் சிரித்திருப்பான். முன்வரிசையில் அப்பா மடியில் கேடயத்தை வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"அது உள்ள இருக்கிற ஒரு சின்னப் பகுதிம்மா," என்றான் ராம்ப்ரஸாத். "மத்ததெல்லாம் நாம எழுதினது."

ரேவதி மறுபடி திரையைப் பார்த்தாள். "இல்ல சார். எல்லாமே அதுதான். பேரை மட்டும் மாத்தி வெச்சிருக்கீங்க."

பின்வரிசையில் ஒரு சிரிப்பு எழுந்து அடங்கியது. பூவராகவன் எழுந்து நின்று, விருந்தாளியிடம் எப்படிப் பேசுவது என்று தெரியாதா என்று கேட்டு அவளை உட்காரச் சொன்னார். அவள் உட்கார்ந்தாள். கைதட்டலோடு கூட்டம் முடிந்தது. ஆட்டோவில் வரும்போது பாஷ்யம், அந்தப் பெண் என்ன கேட்டது என்று விசாரித்தார். அவளுக்குச் சரியாகப் புரியவில்லை என்றான் ராம்ப்ரஸாத்.

அடுத்த வாரம் காலையில் அவன் கடையைத் திறந்து தூசி தட்டிக்கொண்டிருந்தபோது ரேவதி மாடியேறி வந்தாள். அவளுக்கு முன்னால் அவளுடைய அப்பா அப்பாதுரை. சொந்தமாகக் கொஞ்சம் நிலம் வைத்துப் பயிர் செய்கிறவர். வாசலிலேயே செருப்பைக் கழற்றினார். தோளில் இருந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"சாமி, கொயந்தை தெரியாம பேசிடுச்சி," என்றார். "உங்களாண்ட மன்னிப்புக் கேட்டுக்கினு வந்தாத்தான் க்ளாஸுக்குள்ள வுடுவேன்னு சொல்லிக்கிறாரு பெரிய வாத்தியாரு. நீங்க ஒரு போன் பண்ணி சொல்லிட்டீங்கன்னா போதும்."

ரேவதி பக்கத்திலிருந்த கீபோர்டைப் பார்த்துக்கொண்டே, "சாரி சார்," என்றாள்.

தடுப்புக்குள் மெயில் பார்த்துக்கொண்டிருந்த ஓர் ஆள் தலையை நீட்டி வேடிக்கை பார்த்தான். சுவரில் லாமினேட் செய்த பத்திரிகைத் துண்டு மாட்டியிருந்தது. அப்பாதுரை அதற்கு நேர் கீழேதான் நின்றுகொண்டிருந்தார். இந்த மனுஷன் துண்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நிற்பதை முதலில் நிறுத்த வேண்டும் என்று மட்டும் ராம்ப்ரஸாத்துக்குத் தோன்றியது. நிறுத்துவதற்கு அவன் கண்டுபிடித்த வழி இதுதான்.

"பரவாயில்லம்மா," என்றான். "இனிமே பார்த்துப் பேசு."

அவர்கள் எதிரிலேயே பூவராகவனுக்குப் போன் செய்து, சின்னப் பெண்தானே, விட்டுவிடுங்கள் என்று சொன்னான். உங்களுக்குப் பெரிய மனசு என்றார் அவர். அப்பாதுரை போகும்போது மேஜைக்குக் கீழே ஒரு பையை வைத்துவிட்டுப் போனார். நிலத்திலிருந்து பிடுங்கின பச்சை வேர்க்கடலை, மண்கூடப் போகவில்லை.

ரமாமணி அதைக் கழுவி உப்புப் போட்டு வேகவைத்தாள். யார் கொடுத்தது என்று கேட்டாள். அவன் சொன்னான். விழாவில் என்ன நடந்தது என்பதையும் அப்போதுதான் சொன்னான்.

"அந்தப் பொண்ணு சொன்னது பொய்யா?" என்று கேட்டாள் ரமாமணி.

இல்லை என்று தலையை ஆட்டினான்.

"அப்போ அவ எதுக்கு மன்னிப்பு கேட்டா?"

அவள் கடலைச் சட்டியை மூடிவிட்டு நகர்ந்துவிட்டாள். ஒன்றுகூட எடுத்து வாயில் போடவில்லை. பாஷ்யம்தான் வெந்தது நல்ல ருசி என்று சாப்பிட்டார். மாணவியின் தகப்பனார் மரியாதைக்காகக் கொடுத்தது என்று தெரிந்ததும், கிராமத்து ஜனங்களுக்குத்தான் வித்தையின் அருமை தெரிகிறது என்றார்.

அந்தச் சனிக்கிழமை அப்பாவோடு கோவிலுக்குப் போனான். கோஷ்டி ஆரம்பித்தது. யாருடைய பாசுரத்தைச் சேவிப்பதானாலும் அதைப் பாடினவருக்கு முதலில் தனியன் சொல்ல வேண்டும். இன்னார் அருளியது, அவர் திருவடிக்கு வணக்கம் என்று சொல்லிவிட்டுத்தான் ஒரு வரியையாவது தொடலாம். பேச்சு வருவதற்கு முன்னாலேயே அவன் காதில் விழுந்த வழக்கம் இது. ஆயிரம் வருஷமாக ஒருத்தர்கூடத் தாமே பாடினதாகச் சொல்லிக்கொள்ளாத சொற்கள். அப்பா கண்ணை மூடிக்கொண்டு சொல்லிக்கொண்டிருந்தார். ராம்ப்ரஸாத் தூணின் மறைவுக்குப் போய் நின்றான். பக்கத்தில் இருந்தவர் அவனை அடையாளம் கண்டுகொண்டு, உங்களைப் பற்றித்தான் பத்திரிகையில் என்று ஆரம்பித்தார். கோஷ்டியை முடிக்கிற சாற்றுமுறைக்குக்கூட நிற்காமல் வெளியே வந்துவிட்டான்.

திங்கட்கிழமை கல்லூரிக்குப் போய்ப் பூவராகவனைப் பார்த்தான். தான் ஒரு வரிகூட எழுதவில்லை, பெயரைத்தான் மாற்றினேன், அந்தப் பெண் சொன்னது அத்தனையும் சரி என்றான். பூவராகவன் எழுந்து போய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார். நிர்வாகத்துக்கு விழாவைப் பற்றி எழுதி அனுப்பியாகிவிட்டது, இப்போது கிளறினால் கேவலம் உங்களுக்கு மட்டும் இல்லை என்றார். அந்தப் பெண்ணுக்குக் கொஞ்சம் வாய் அதிகம்தான், மன்றத்திலிருந்து எடுத்தாகிவிட்டது, படிப்புக்கு ஒன்றும் குறைவு வராது, விட்டுவிடுங்கள். ராம்ப்ரஸாத் படியிறங்கும்போது மார்பில் ஒரு பாரம் குறைந்ததைப் போல் இருந்தது. சொல்லிவிட்டோம், அவர்தான் வேண்டாம் என்கிறார், இனி நம் பொறுப்பு இல்லை. வண்டியை எடுத்து கேட்டைத் தாண்டும் வரைதான் அந்த நிம்மதி. இதற்கா நிம்மதிப்பட்டோம் என்று அவனுக்கே தன்னைப் பார்க்கக் கூசியது. ஊருக்குத் திரும்பாமல் முசரவாக்கத்துக்கு வண்டியை விட்டான்.

அப்பாதுரை வீட்டு வாசலில் கழற்றிப் போட்ட பம்ப் மோட்டாரைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவனைப் பார்த்ததும் பதறி எழுந்து, உள்ளே குரல் கொடுத்து நாற்காலி கொண்டுவரச் சொன்னார். மனைவி செல்லியம்மாள் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டாள். ராம்ப்ரஸாத் நின்றபடியே சொன்னான். கம்ப்யூட்டர் விஷயத்தை அவருக்கு எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்திருந்தான். கடைசியில் சொன்னது சின்னதாகத்தான் இருந்தது. வேறு யாரோ செய்த பொருளை என்னுடையது என்று சொன்னேன். உங்கள் பெண் அதைக் கண்டுபிடித்தாள். நான் பொய் சொல்லிச் சமாளித்தேன். அவளை மன்னிப்பும் கேட்க வைத்தேன்.

அப்பாதுரை எண்ணெய்த் துணியைக் கீழே வைத்தார்.

"அப்ப எம்பொண்ணு சொன்னது நெசம்."

"நெசம்தான்."

"அது அப்பவும் அப்படித்தான் சொல்லிச்சி. நான் சொன்னது தப்பு இல்லப்பா, தப்பு இல்லப்பான்னு." அவர் அவனைப் பார்க்கவில்லை, மோட்டாரைப் பார்த்தே பேசினார். "வாத்தியாரு சொல்றாரு, பேப்பர்ல வந்த மனுசன் சொல்றாரு, நீ ஒருத்தி மட்டும் ஒலகத்துல பேச வந்துட்டியான்னு கேட்டேன். அடிச்சேன் சாமி. காலேஜி போற பொண்ணை, இந்தக் கையால."

செல்லியம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். ராம்ப்ரஸாத்துக்கு நிற்கவும் முடியவில்லை, போட்ட நாற்காலியில் உட்காரவும் முடியவில்லை. கல்லூரிக்கு அன்று ஆசிரியர்கள் மட்டும்தான் வந்திருந்தார்கள், பிள்ளைகளுக்கு விடுமுறை என்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. ரேவதி வீட்டில்தான் இருந்தாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு கதவருகே நின்றிருந்தாள்.

"மன்னிச்சிடும்மா," என்றான்.

"எங்கிட்ட சொல்லி என்ன சார் ஆவப் போவுது?" என்றாள் ரேவதி. கோபமாகக்கூட இல்லை. "எனக்குத்தான் அன்னிக்கே தெரியுமே. அங்க உக்காந்துக்கினு இருந்தாங்களே, அவங்களுக்குச் சொல்லுங்க."

மறுநாள் அப்பாதுரை கடைக்கு வந்தார். இந்தத் தடவை செருப்பைக் கழற்றவில்லை, துண்டு தோளிலேயே இருந்தது. என் பெண் படித்த அந்த எழுத்தை எனக்குக் காட்டு என்றார். ராம்ப்ரஸாத் விளையாட்டைத் திறந்து, விழாவில் செய்ததைப் போலவே செய்து அதை நிற்க வைத்தான். வரிகள் இறங்கின. அப்பாதுரை மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். ஆங்கிலத்தில் எழுத்து மட்டும் தெரியும் அவருக்கு. முதல் சொல்லை விரல் வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். அடுத்த வரியில் அதே சொல், அதற்கடுத்த வரியிலும். விரலை எடுத்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இம்மாம் பெரிசாத்தான் எய்தியிருக்குது," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

அவர் போனதும் ராம்ப்ரஸாத் பத்திரிகைத் துண்டைக் கழற்றினான். எல்லா மெஷினிலும் பழைய பெயரையும் பழைய கிண்ணத்தையும் திரும்ப வைத்தான். வாசலில் ஒரு பலகை எழுதி மாட்டினான். இதன் பெயர் வைன், பல நாட்டினர் சேர்ந்து எழுதியது, நான் இங்கே நிறுவியது மட்டுமே என்று. நிருபரைத் தேடிப் போய் விஷயத்தைச் சொன்னான். அவர் தலையைச் சொறிந்துகொண்டு பார்க்கலாம் சார் என்றார். ஒன்றும் வரவில்லை.

கல்லூரி மேடை அவனுக்குக் கிடைக்காது. அதனால் சாயங்காலம் கல்லூரிக்கு எதிரே இருந்த பஸ் நிறுத்தத்துக்குப் போனான். வகுப்பு விட்டு வந்த பிள்ளைகளிடம், துறை விழாவுக்கு வந்திருந்தீர்களா என்று கேட்டான். வந்திருந்தோம் என்றவர்களிடம் சொன்னான். பாடம் நடத்திப் பழகிய குரல் அன்றைக்கு வரவில்லை, பஸ் இரைச்சலில் இரண்டாம் தடவை சொல்ல வேண்டியிருந்தது. நான் அன்று சொன்னது பொய், ரேவதி சொன்னது சரி. சில பேர் விழித்தார்கள். சில பேர் சிரித்தார்கள். ஒரு மாணவன், இதைச் சொல்லவா சார் இவ்வளவு தூரம் வந்தீங்க என்றான். இன்னொருத்தன் செல்போனைத் தூக்கிப் படம் பிடித்தான். பிடிக்காதே என்று சொல்ல அவனுக்கு என்ன உரிமை இருந்தது? ரேவதி தோழிகளோடு கொஞ்சம் தள்ளி நின்றிருந்தாள். முழுக்கக் கேட்டாள். தோழி ஒருத்தி அவள் முழங்கையை இடித்தாள். பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டாள். மறுநாளும் போனான், அதற்கு மறுநாளும் போனான். விழாவுக்கு வந்தவர்கள் எல்லோரிடமும் போய்ச் சேர்ந்ததா என்பது அவனுக்குத் தெரியாது. பையன்கள் தூரத்திலேயே பார்த்துவிட்டு, வைன் சார் வர்றாரு என்று சொல்ல ஆரம்பித்த பிறகுதான் நிறுத்தினான். அவர்களுக்குத் தெரிந்துவிட்டது.

அப்பாவிடம் சொல்வதைத்தான் கடைசிவரை தள்ளிப்போட்டான். சொன்னபோது பாஷ்யம் திட்டவில்லை. கையிலிருந்த விசிறியைக் கீழே வைத்தார்.

"நான் கோஷ்டியில எல்லார்கிட்டயும் சொன்னேனேடா," என்றார்.

மறுநாள் காலை சீக்கிரமே கிளம்பிக் கோவிலுக்குப் போனார். ராம்ப்ரஸாத் கூட வருகிறேன் என்றான், வேண்டாம் என்றுவிட்டார். பத்திரிகையைக் காட்டின ஒவ்வொருவரிடமும் போய், அதில் போட்டது உண்மையில்லை, பையன் எழுதவில்லை, எழுதினவர்கள் வேறு என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். அவருக்குச் சமமானவர்கள், அவரைவிடச் சின்னவர்கள், அவரிடம் படித்தவர்கள். ஒருவர் வரவில்லை என்பதால் அவர் வீட்டுக்கே நடந்து போயிருக்கிறார். இதை ராம்ப்ரஸாத்துக்கு வேறு யாரோ தெருவில் சொன்னார்கள். பொன்னாடை போர்த்தின அன்று அப்பா முன்வரிசையில் உட்கார்ந்திருந்ததைவிட, அந்த வெயிலில் அவர் வீடு வீடாக நடந்ததுதான் அதற்குப் பிறகு அவன் கண்முன் நின்றது.

பூவராகவன் ரேவதியை மன்றத்தில் திரும்பச் சேர்க்கவில்லை. அவளும் கேட்கவில்லை. அவள் படித்து முடித்துச் சென்னையில் வேலைக்குப் போனாள் என்று கேள்விப்பட்டான். கிண்ணத்தின் படத்தைப் பார்த்துச் சில பெற்றோர்கள் பிள்ளைகளை நிறுத்தினார்கள். சிலர் பலகையைப் படித்துவிட்டுப் பேசாமல் இருந்தார்கள். கடை ஓடியது, ஆனால் முன்போல் ஓடவில்லை. எல்லோர் கையிலும் இணையம் வந்த பிறகு அதை மூடிவிட்டு, ஒரு பள்ளிக்கூடத்தின் கம்ப்யூட்டர் லேபைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் சேர்ந்தான். அங்கே யாராவது, இதை நீங்கள்தான் செய்தீர்களா என்று மேஜையைக் காட்டிக் கேட்டால்கூட, தச்சன் பேரைச் சொல்லிவிடுவான். தச்சன் பேர் தெரியவில்லை என்றால் விசாரித்து வந்து சொல்வான். அதைச் சிலர் அடக்கம் என்று பாராட்டினார்கள். பாராட்டும்போது அவன் பார்வை கீழே போகும்.

ரேவதியை அதன்பின் ஒருமுறைதான் பார்த்தான். சென்னையிலிருந்து வரும் பஸ்ஸில், சுங்குவார்சத்திரத்தில் அவன் ஏறியபோது அவள் உள்ளே உட்கார்ந்திருந்தாள். கழுத்தில் ஆபீஸ் அட்டை, பக்கத்தில் கூட வேலை செய்கிற ஒரு பெண். கண்ணில் பட்டுவிட்டதால் ஒதுங்க முடியவில்லை.

"நல்லா இருக்கீங்களா சார்?" என்று அவள்தான் கேட்டாள்.

இருக்கிறேன் என்றான். அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்டான். நன்றாக இருக்கிறார் என்றாள். பக்கத்திலிருந்த பெண் யார் இவர் என்று கேட்பதைப் போல் பார்த்தாள். ராம்ப்ரஸாத் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

"இவரு காஞ்சிபுரத்துல ப்ரவுசிங் சென்டர் வெச்சிருந்தாரு," என்றாள் ரேவதி.

அவ்வளவுதான் சொன்னாள். அது முழு உண்மை, மேலே ஒன்றும் சேர்க்கவில்லை. அவன் தலையை ஆட்டினான். பக்கத்து இருக்கை காலியானபோது அவள் உட்காரச் சொல்லிக் கை காட்டினாள். இல்லைம்மா, இறங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, ஊர் இன்னும் வராமலே வெள்ளை கேட் நிறுத்தத்தில் இறங்கிக்கொண்டான். பஸ் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. ஷேர் ஆட்டோ ஒன்று பக்கத்தில் நின்று சின்ன காஞ்சிபுரமா என்று கேட்டது. வேண்டாம் என்று சொல்லிவிட்டு ரோட்டோரமாக நடக்க ஆரம்பித்தான்.